இருட்டுப் பெட்டியில் நியூட்ரான்: திரையும் கேமராவும் கொண்டு எண்ணுவது எப்படி

நியூட்ரான் பட்டால் மினுக்கிடும் ஒரு திரையையும், அந்த மினுக்கலைப் படம் பிடிக்கும் கேமராவையும் ஒளிபுகாத பெட்டிக்குள் வைத்தால் நியூட்ரானை ஒவ்வொன்றாக எண்ணலாம். பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் அலுமினியத் தகடு கிடைக்கும், கறுப்பு வெல்வெட் துணி கிடைக்கும், உடைத்துப் போட்ட நகல் இயந்திரத்தின் கண்ணாடியும் கிடைக்கும். நியூட்ரான் மட்டும் கிடைக்காது. அதற்குப் பாங்கிக்குத்தான் போகவேண்டும். அங்கே மலேசிய அணுசக்தி முகமையின் புஸ்பாட்டி டிரிகா அணு உலை இருக்கிறது: 1 மெகாவாட் திறன், முதன்முதலாக இயங்கியது 1982 ஜூன் 28. அங்கே கதிர்க்கற்றை நேரம் கேட்ட நாளில் கிடைத்துவிடாது. கிடைத்தாலும் சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரத்தை, பெட்டியில் ஒளி எங்கே கசிகிறது என்று தேடுவதிலேயே கரைப்பவர்கள் அதிகம்.

ஆகவே இங்கே சொல்லும் வரிசை இதுதான்: பெட்டியை ஊரில் கட்டுங்கள், ஊரிலேயே ஆல்பா துகள்களை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள், அதில் தேறிய பெட்டியை மட்டும் பாங்கிக்கு ஏற்றுங்கள். பள்ளி அறிவியல் மன்றமோ முதலாண்டு இயற்பியல் மாணவர்களோ ஓர் ஆசிரியரின் துணையோடு செய்யக்கூடிய வேலை இது.

திரைக்குள் நடப்பது

வேகம் தணிந்து, சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கு வந்துவிட்ட நியூட்ரானைத்தான் வெப்ப நியூட்ரான் என்கிறோம். ஆற்றல் 0.025 எலெக்ட்ரான் வோல்ட், வேகம் வினாடிக்கு 2200 மீட்டர். அதற்கு மின்னூட்டம் இல்லை. எனவே எந்தக் கேமராவும் அதை நேராகப் பார்க்க முடியாது. ஓர் அணுக்கரு அதை விழுங்கி, மின்னூட்டமுள்ள துகள்களைத் துப்பவேண்டும். லித்தியம்-6 இதற்குத் தோதானது. விழுங்கியதும் 2.05 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓர் ஆல்பாவும் (ஹீலியம் அணுக்கரு), 2.73 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டோடு ஒரு டிரைட்டானும் (ஹைட்ரஜன்-3 அணுக்கரு) எதிரெதிர்த் திசையில் பாயும். பக்கத்தில் துத்தநாக சல்பைடு மணிகள் இருந்தால் அவை நீல ஒளியாக மினுக்கிடும்.

இப்படித் துகள் பட்டால் ஒளிரும் பொருளைத்தான் சிண்டிலேட்டர் என்கிறார்கள். நாம் வாங்கும் திரை, லித்தியம் ஃபுளோரைடும் வெள்ளி கலந்த துத்தநாக சல்பைடும் பசையில் குழைத்துத் தகட்டில் பூசியது. ஒரு நியூட்ரானுக்கு ஏறத்தாழ 1,60,000 ஒளித்துகள், அலைநீளம் 450 நானோமீட்டர். ஒளியின் முதல் வீச்சு சில நூறு நானோவினாடியில் முடிந்துவிடும். வால் மட்டும் பல பத்து மைக்ரோவினாடிவரை நீளும். அந்த வால் பின்னால் தொல்லை தரும்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 என்பது 7.6 விழுக்காடுதான். திரையில் இருப்பது 95 விழுக்காடு செறிவூட்டிய லித்தியமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்தது தடிமன். 0.3 மி.மீ. அளவுள்ள நல்ல திரை, தன்மேல் விழும் வெப்ப நியூட்ரான்களில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். "தடிமனாக வாங்கினால் இன்னும் அதிகம் பிடிக்குமே" என்று தோன்றும். பிடிக்கும், ஆனால் துத்தநாக சல்பைடு மாவு தன் ஒளியைத் தானே மறைக்கும். அரை மி.மீ.க்கு மேல் போனால் பின்புறம் பிறந்த ஒளி வெளியே வராமல் உள்ளேயே மடிந்துவிடும்.

வேறு திரைகளும் உண்டு. கடோலினியம் ஆக்ஸிசல்பைடு கூர்மையான படம் தரும், ஆனால் ஒரு நியூட்ரானுக்குக் கிடைக்கும் ஒளி மிகக் குறைவு. நிமிடக் கணக்கில் ஒளியைச் சேர்த்துப் படம் எடுக்க நல்லது, ஒவ்வொன்றாக எண்ண உதவாது. லித்தியம் கண்ணாடி மிக வேகமானது, ஒளி ஏறத்தாழ 6,000 துகள்தான், காமாக் கதிருக்கும் மினுக்கிடும். புதியவர்களுக்குத் துத்தநாக சல்பைடே போதும்.

லென்ஸுக்குச் செலவழியுங்கள்

கேமராவைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். முதலில் கேட்கவேண்டியது லென்ஸைப் பற்றி. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

திரையிலிருந்து ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. லென்ஸ் அள்ளுவது அதில் சிறு துளி. அந்தப் பங்கைக் கணக்கிட, உருப்பெருக்கத்தை வர்க்கப்படுத்தி, அதை இன்னொரு தொகையால் வகுக்கவேண்டும்: ஒன்றோடு உருப்பெருக்கத்தைக் கூட்டி, அந்தக் கூட்டலை வர்க்கப்படுத்தி, எஃப் எண்ணின் வர்க்கத்தின் நான்கு மடங்கால் பெருக்கினால் வருவது அந்தத் தொகை. எஃப் எண் என்பது லென்ஸின் குவியத்தூரத்தை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்தது; அது சிறிதாக இருந்தால் ஒளி அதிகம் வரும். உருப்பெருக்கம் என்பது சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவை உண்மை அளவால் வகுத்தது.

25 மி.மீ. குவியத்தூரம், எஃப்/0.95 லென்ஸ், உருப்பெருக்கம் 0.2 என்று வையுங்கள். பங்கு 0.0077. கண்ணாடியில் இழப்புப் போக 0.006. பிறந்த ஒளியில் பாதி கேமராப் பக்கம் வருகிறது என்றால் 80,000 துகள். அதில் லென்ஸ் அள்ளுவது ஏறத்தாழ 490. நீல ஒளியில் சென்சார் 60 விழுக்காட்டை எலெக்ட்ரானாக்கினால் கையில் இருப்பது 290 எலெக்ட்ரான்.

இது ஒரே பிக்சலில் விழுவதில்லை. திரையில் ஒரு நியூட்ரானின் பொட்டு சுமார் 0.4 மி.மீ. அகலம். சென்சாரில் அது 0.08 மி.மீ.; 5.86 மைக்ரோமீட்டர் பிக்சல் என்றால் குறுக்கே 14 பிக்சல், மொத்தம் 150 பிக்சல் அளவு. ஒவ்வொரு பிக்சலும் 3.5 எலெக்ட்ரான் வாசிப்பு இரைச்சலை, அதாவது படத்தைப் படிக்கும் மின்சுற்றின் ஏற்ற இறக்கத்தை, சேர்க்கும். இரைச்சல்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும்; ஒளியின் சொந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் மொத்த இரைச்சல் 46 எலெக்ட்ரான். சமிக்ஞை இரைச்சலைப் போல் ஆறு மடங்கு. நியூட்ரான் தெரியும்.

அதே இடத்தில் மலிவான எஃப்/1.4 லென்ஸை மாட்டுங்கள். 290 எலெக்ட்ரான் 135 ஆகிவிடும், ஆறு மடங்கு மூன்றாகிவிடும். பொட்டு இரைச்சலில் முங்கிப்போகும். பரப்பு பெரிதாக வேண்டும் என்று உருப்பெருக்கத்தை 0.1 ஆக்கினாலும் கதை அதேதான்: நல்ல லென்ஸிலும் நான்கு மடங்குக்குக் கீழே போய்விடும். ஆக, காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் லென்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். திரையைச் சிறிதாக வாங்குங்கள்.

கேமராவுக்கு, சோனி ஐ.எம்.எக்ஸ்.174 சென்சார் உள்ள கறுப்பு வெள்ளை வானியல் கேமரா நல்ல தொடக்கம். 1936 பெருக்கல் 1216 பிக்சல், எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் திறந்து மூடும், முழுப் பரப்பிலும் வினாடிக்கு 160 ஃபிரேமுக்குக் குறையாது. வண்ணக் கேமரா வேண்டவே வேண்டாம். அதன் வடிகட்டிகள் நீலம் படாத பிக்சல்களில் ஒளியை விழுங்கிவிடும். வினாடிக்குப் பத்தாயிரம் ஃபிரேம் எடுக்கும் மோதல் சோதனைக் கேமராக்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அவற்றின் வாசிப்பு இரைச்சல் அதிகம். முன்னால் ஒளிபெருக்கிக் குழாய் இல்லாமல் ஒற்றை நியூட்ரானை அவை பார்க்காது.

பெட்டி

வடிவம் எளிது. திரை ஒரு முனையில். அதற்குப் பின்னால் 80 மி.மீ. தள்ளி 45 பாகையில் ஒரு கண்ணாடி. கண்ணாடியிலிருந்து செங்குத்தாக 70 மி.மீ. தள்ளி லென்ஸ். கற்றை திரையைத் துளைத்துக் கண்ணாடியையும் துளைத்து நேரே போய்விடும். கேமரா ஓரமாக ஒதுங்கி நிற்கும். கற்றைக்கு நேரே கேமராவை வைத்தால் சென்சாரில் நாளுக்கு நாள் வெள்ளைப் புள்ளிகள் பெருகும்.

லென்ஸிலிருந்து திரைவரை மொத்தம் 150 மி.மீ. என்ற அளவு 0.2 உருப்பெருக்கத்திற்கு உரியது. அந்தத் தூரத்தில் குவிய, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 5 மி.மீ. வளையம் போடவேண்டும். பார்க்கும் பரப்பு 56 பெருக்கல் 35 மி.மீ.

கண்ணாடி முன்புறம் வெள்ளி பூசியதாக இருக்கவேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருப்பதால் ஒவ்வொரு பொட்டும் இரட்டையாகத் தெரியும். முன்பூச்சுக் கண்ணாடியைப் புதிதாக வாங்கவேண்டியதில்லை. நகல் இயந்திரத்துக்குள்ளும் ஸ்கேனருக்குள்ளும் நீளவாக்கில் இருக்கும். நகல் கடையில் கழித்துப் போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். 80 பெருக்கல் 60 மி.மீ. துண்டு வேண்டும், ஸ்கேனர் கண்ணாடி இதற்கு ஒடுக்கமாக இருக்கும், பெரிய நகல் இயந்திரத்தினுடையதைத் தேடுங்கள். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். அந்தப் பூச்சைத் துடைத்தால் போயிற்று.

பெட்டிக்கு 2 மி.மீ. அலுமினியத் தகடு. ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறையில் வெட்டி மடித்துத் தருவார்கள். கற்றை நுழைய மெல்லிய சன்னல் வெட்டவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு, வேண்டியதில்லை. 2 மி.மீ. அலுமினியத்தில் வெப்ப நியூட்ரான் இழப்பு 2 விழுக்காடுதான், ஓட்டை போட்டால் ஒளிதான் நுழையும். முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் பெட்டி செய்வது இப்போது எளிதாகிவிட்டது. ஆனால் பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் நிறைய. நியூட்ரானைக் கண்டபடி சிதறடிக்கும். மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் சுவர் அகச்சிவப்பு ஒளியையும் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி சென்சாருக்குத் தெரியும். கண்ணாடியைத் தாங்கும் சிறு பிடிகளுக்கு வேண்டுமானால் அச்சிட்டுக்கொள்ளலாம், கற்றைப் பாதையைவிட்டு விலக்கி.

திருகாணிகளும் முடிந்தவரை அலுமினியத்திலேயே இருக்கட்டும். கற்றையில் அலுமினியம் கதிரியக்கம் பெறும், ஆனால் அரையாயுள் 2.24 நிமிடம், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தணிந்திருக்கும். எஃகில் உள்ள மாங்கனீசுக்கு 2.58 மணி நேரம். பித்தளையிலும் செம்புக் கம்பியிலும் உள்ள செம்புக்கு 12.7 மணி நேரம்: அன்றைக்குப் பெட்டி உங்களோடு வீடு திரும்பாது.

உட்சுவரில் மங்கிய கறுப்புப் பெயின்ட் அடித்து, லென்ஸைச் சுற்றி வெல்வெட் ஒட்டுங்கள். துணிக்கடையில் வாங்கும்முன் கைபேசி விளக்கைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். பல "கறுப்பு" துணிகள் சல்லடைதான். மூடியின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று 20 மி.மீ. படிந்து உட்காரவேண்டும். கம்பி நுழையும் துளையை நேராகப் போடாமல் ஆங்கில எஸ் எழுத்துபோல் இருமுறை வளைத்து விடுங்கள். மேலே அலுமினிய ஒட்டுநாடா. சாதாரணக் கறுப்பு வயரிங் டேப் நம் வெயிலில் பசை இளகி விலகிவிடும்.

குவியம்

திரையில் எதையும் ஒட்டிக் குவியம் பார்க்காதீர்கள். மாவுப் பூச்சு டேப்போடு உரிந்து வரும். திரை நிற்கும் இடத்தில் அதே தடிமனுள்ள அட்டையில் நுண் எழுத்து அச்சடித்து வையுங்கள். விளக்கு நீல எல்.இ.டி.யாக இருக்கவேண்டும். இந்த வகை லென்ஸ் எஃப்/0.95இல் நீலத்தையும் சிவப்பையும் ஒரே இடத்தில் குவிக்காது. வெள்ளை விளக்கில் கூர்மையாக வைத்தது நீல மினுக்கலுக்கு மங்கலாக இருக்கும், ஏன் பொட்டு பெரிதாக வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒன்றிரண்டு மி.மீ.தான். சரியானதும் பூட்டுத் திருகை இறுக்கி, வளையத்தின் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பாங்கி ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நெடுஞ்சாலையின் அதிர்வில் வளையம் நகர்ந்ததா என்று அந்தக் கோடுதான் சொல்லும்.

முதல் சோதனை: இருட்டு

துத்தநாக சல்பைடு அறை வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல உமிழும். குழல் விளக்கின்கீழ் திரையை மாட்டிவிட்டு உடனே படம் எடுத்தால் முழுத் திரையும் வெளுத்திருக்கும். மங்கிய சிவப்பு விளக்கில் மாட்டி, மூடி, இரவு முழுதும் விடுங்கள்.

மறுநாள் 50 மில்லிவினாடி வெளிப்பாட்டில், அதிகப் பெருக்கத்தில், 200 ஃபிரேம் எடுங்கள். பின்னர் சிவப்பு விளக்கிலேயே லென்ஸ் மூடியைப் போட்டு, பெட்டியைத் திரும்ப அடைத்து இன்னொரு 200. இரண்டின் சராசரியும் ஒன்றாக இருக்கவேண்டும். மூடி இல்லாதது உயர்ந்து நின்றால், நேரலைப் படத்தைப் பார்த்தபடியே ஒருவர் கைபேசி விளக்கை ஒவ்வொரு மூட்டாக ஓட்டட்டும். எந்த மூட்டிலும் அசையவில்லை, ஆனாலும் உயர்ந்து நிற்கிறது என்றால் ஒளி உள்ளேயே இருக்கிறது: கேமராவின் சிறு காட்டி விளக்கு. அதன்மேல் அலுமினிய டேப்.

நம் ஊர் ஈரப்பதத்தை மறந்துவிடாதீர்கள். சென்சாரைக் குளிர்விக்கும் கேமராவில் பூச்சியம் பாகை என்று வைத்தால் முன்கண்ணாடியில் பனி படரும், பொட்டுகள் மெழுகியதுபோல் ஆகும். இவ்வளவு சிறிய வெளிப்பாட்டுக்குக் கடுங்குளிர் தேவையும் இல்லை. 10 பாகை போதும். பெட்டிக்குள் 100 கிராம் சிலிக்கா ஜெல் பை வையுங்கள், நிறம் மாறினால் வறுத்துத் திரும்ப வையுங்கள். வேலை இல்லாத நாளில் லென்ஸ் காற்றுப்புகா டப்பாவில் இருக்கட்டும். வெளியே விட்டால் சில மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். பிற்பகல் இடிக்கு யூ.பி.எஸ். அவசியம்.

இரண்டாம் சோதனை: காற்றிலிருந்து ஆல்பா

சோதனைக்கு ஏதாவது கதிரியக்கப் பொருள் வேண்டுமே என்று புகை உணர்வியைப் பிரிக்காதீர்கள், வெள்ளீயச் சுரங்க மண்ணின் கழிவான ஆமாங்கைத் தேடிப் போகாதீர்கள். இவை 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்குள் வருகிறவை. ஆட்டம் மலேசியா எனப்படும் துறையின் உரிமம் இல்லாமல் கையாளக்கூடாது. பேராக்கின் புக்கிட் மேராவில் அருமண் ஆலையின் தோரியக் கழிவு என்ன செய்தது என்பதைப் பேராக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்றிலேயே போதுமான ஆல்பா இருக்கிறது. கருங்கல் மண்ணிலிருந்தும் சிமெண்டுத் தரையிலிருந்தும் கசியும் ரேடான் சிதைந்து, அதன் வழித்தோன்றல்கள் தூசியில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசியைப் பிடித்தால் போதும். பழைய லயத்து மர வீடுகளில், அதுவும் தூண்மேல் நிற்பவற்றில், காற்றோட்டம் அதிகம், ரேடான் தங்காது. தரையோடு ஒட்டிய சிமெண்டு ஸ்டோர் அறை ஒன்றைத் தேர்ந்து இரவு முழுதும் சாத்தி வையுங்கள். காலையில் தூசி உறிஞ்சியின் குழாய் வாயில் மெல்லிய காகிதக் கைக்குட்டையை இரண்டு மடிப்பாக ரப்பர் பட்டையால் கட்டி, 40 நிமிடம் ஓட்டுங்கள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள்; அடைபட்ட குழாயில் அது சூடேறும்.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகச் செயல்படுங்கள், ஏனென்றால் மாதிரி ஏறத்தாழ 30 முதல் 40 நிமிடத்தில் பாதியாகிவிடும். காகிதத்தைச் சிவப்பு விளக்கில், திரையின் பூச்சு வெளியே தெரியும் பக்கத்தில், 1 முதல் 2 செ.மீ. தள்ளி, கேமரா பார்க்கும் பரப்புக்கு ஓரமாகத் தொங்கவிடுங்கள். பொலோனியம்-214இன் 7.69 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆல்பா காற்றில் 7 செ.மீ. போகும், சாய்வாகப் பறந்து திரையைத் தொட்டுவிடும். சில திரைகளில் பூச்சுக்குமேல் தெளிந்த பிளாஸ்டிக் படலம் இருக்கும். ஆல்பா அதைத் தாண்டாது. ஒரு பொட்டும் வராவிட்டால் முதலில் அதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

50 மில்லிவினாடி, வினாடிக்கு 20 ஃபிரேம், ஐந்து நிமிடம். இதே அளவை 40ஆம் நிமிடத்திலும் 80ஆம் நிமிடத்திலும் திரும்பச் செய்யுங்கள். பொட்டுகளின் எண்ணிக்கை பாதி, பிறகு கால் என்று இறங்கினால் நீங்கள் எண்ணுவது ஆல்பாதான். இறங்காமல் அப்படியே நின்றால் நீங்கள் எண்ணியது இரைச்சல். இந்த ஒரு சோதனையைத் தாண்டாத பெட்டியைக் காரில் ஏற்றாதீர்கள்.

வானிலிருந்து இறங்கும் இயற்கை நியூட்ரானை எண்ணிப் பார்க்கலாமே என்றும் கேட்பார்கள். நம் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அது மிகக் குறைவாகவே வரும். திரைப்பொருளிலேயே கலந்திருக்கும் யுரேனிய, தோரியச் சுவடு அதே அளவுக்குப் பொட்டு போடும். இரண்டையும் பிரிக்க வழியில்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

பொட்டை எண்ணுதல்

பதிவுக்கு ஷார்ப்கேப் போன்ற வானியல் மென்பொருள் போதும், எஸ்.இ.ஆர். வடிவில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேர முத்திரையோடு எழுதும். 8 பிட்டில் முழுப் பரப்பை 160 ஃபிரேமில் எடுத்தால் வினாடிக்கு 377 மெகாபைட். 1 டெராபைட் வட்டு 44 நிமிடத்தில் நிரம்பும். சாதாரண வெளி வன்தட்டு இந்த வேகத்தைத் தாங்காது, ஃபிரேம்கள் சத்தமில்லாமல் விழுந்துபோகும். கணினிக்குள்ளேயே உள்ள வேகமான எஸ்.எஸ்.டி.யில் எழுதி, விழுந்த ஃபிரேம் எண்ணிக்கையை ஒவ்வொரு ஓட்டத்திலும் குறித்துவையுங்கள்.

பைதானில் பத்து இருபது வரி போதும். இருட்டு ஃபிரேம்களின் இடைநிலை மதிப்பைக் கழியுங்கள். பொட்டின் அகலத்துக்கு ஏற்றபடி, 3 அல்லது 4 பிக்சல் விலக்கமுள்ள காஸியன் மங்கலாக்கம் போடுங்கள். சிதறிய 290 எலெக்ட்ரானையும் ஒன்றாகத் திரட்டுவது இந்தப் படிதான். பிறகு வரம்பு வைத்து, அதற்குமேல் எழும்பும் பிக்சல் கூட்டங்களைத் தனித்தனியாகக் குறித்து, ஒவ்வொன்றின் ஒளிமையத்தையும் கணக்கிடுங்கள். மையத்தைக் கணக்கிடுவதால் பொட்டு 0.4 மி.மீ. அகலமாக இருந்தாலும் நியூட்ரான் விழுந்த இடம் அதைவிட நுட்பமாகத் தெரியும்.

வரம்பை எங்கே வைப்பது? ஒரு ஃபிரேமில் பொட்டு அளவுள்ள இடங்கள் ஏறத்தாழ 15,000. இரைச்சல் விலக்கத்தின் ஐந்து மடங்கில் வைத்தால் பொய்ப் பொட்டு 160 ஃபிரேமுக்கு ஒன்று வருவதே அரிது. நான்கு மடங்கில் வைத்தால் இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று, அதாவது 160 ஃபிரேம் வேகத்தில் வினாடிக்கு 80, ஊரில் எடுக்கும் 20 ஃபிரேம் வேகத்தில் வினாடிக்கு 10. வீட்டில் ஆல்பா எண்ணும்போது அந்த 10 பொய்யே எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். உலையில் வினாடிக்குப் பல்லாயிரம் உண்மைப் பொட்டு வரும்போது 80 பொய் ஒன்றுமில்லை. எனவே ஊரில் ஐந்து, பாங்கியில் நான்கு. ஆல்பாப் பொட்டுகள் பளிச்சென்று இருக்கும். கேமராவைப் பார்க்கும் முகத்திலேயே முழு ஆற்றலையும் கொட்டுகின்றன. நியூட்ரான் பொட்டுகள் திரையின் எந்த ஆழத்திலும் பிறக்கும், சில மங்கலாகவே இருக்கும். ஆல்பாவைப் பார்த்து வரம்பை உயர்த்திவிட்டால் பாதி நியூட்ரானைத் தவறவிடுவீர்கள்.

பரப்பளவையும் பாருங்கள். ஒன்றிரண்டு பிக்சல் மட்டும் ஊசி முனைபோல் எரிந்தால் அது சென்சாரில் நேராக அடித்த காமா, தள்ளுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் எரிந்தால் கெட்டுப்போன பிக்சல். அதன் முகவரியைக் குறித்து மறைத்துவிடுங்கள்.

பாங்கியில்

விண்ணப்பம் ஆசிரியர் அல்லது பல்கலைக்கழகம் வழியாகப் போகட்டும். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் எடையையும் பட்டியலாகக் கொடுங்கள். எது எவ்வளவு நேரம் கதிரியக்கத்தோடு இருக்கும் என்று அங்குள்ள கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் அதை வைத்துத்தான் சொல்லமுடியும். கேமராவைச் சுற்றி ஈயக்கட்டியும் போரான் கலந்த பாலித்தீனும் அவர்களே அடுக்கித் தருவதுதான் முறை.

புதியவர்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று: நியூட்ரான் அதிகமாகிவிடும். சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு 1,00,000 என்ற கற்றையில் நம் பரப்பு வினாடிக்கு ஏறத்தாழ 6,80,000 நியூட்ரானைப் பிடிக்கும். ஒரு ஃபிரேமில் 4,000க்கு மேல். பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எண்ணவே முடியாது. ஃபிரேமுக்கு 300 பொட்டு என்ற அளவுக்கு இறக்கவேண்டும், அதாவது கற்றை 7,000 அளவுக்கு. உலையைக் குறைந்த திறனில் இயக்கக் கேட்கலாம், அல்லது கற்றை வாயைச் சுருக்கலாம். பார்க்கும் பரப்பைக் குறுக்கி ஃபிரேம் வேகத்தைக் கூட்டுவதும் உதவும்.

முதல் அளவீடு திறந்த கற்றை. இரண்டாவது, திரைக்கு முன்னால் 1 மி.மீ. காட்மியம் தகடு. 0.5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ள நியூட்ரான் எதுவும் அதைத் தாண்டாது. எண்ணிக்கை சடாரென்று விழவேண்டும். விழாவிட்டால் நீங்கள் எண்ணுவது வேகமான நியூட்ரானையோ காமாவையோ ஒளிக் கசிவையோதான். காட்மியம் நஞ்சு. அறுக்காதீர்கள், அராவாதீர்கள், பற்றவைக்காதீர்கள். டேப்பால் முழுக்க மூடிய துண்டையே கையுறையோடு எடுங்கள்.

மூன்றாவதுதான் படம். விலையுயர்ந்த சோதனைத் தகடு வேண்டாம், தோட்டத்திலிருந்தே கொண்டுபோகலாம். ரப்பர் கொட்டை ஒன்றை அலுமினிய டின்னில் அடைத்து வையுங்கள்: டின் ஏறக்குறைய மறைந்துபோகும், எண்ணெயும் ஈரமும் உள்ள பருப்பு இருண்டு தெரியும். செம்பனைப் பழத்தில் சதை, ஓடு, பருப்பு மூன்றும் தனித்தனி நிழலாக விழும். பக்கத்தில் 5 மி.மீ. தடிமன் தண்ணீர் உள்ள சிறு அலுமினியக் குடுவையை வையுங்கள். நேராகத் தாண்டி வருவது ஆறில் ஒரு பங்கு மட்டுமே. உங்கள் அளவு அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் தண்ணீரில் சிதறிய நியூட்ரானும் திரையில் விழுகிறது. மாதிரியைத் திரையைவிட்டு 2 செ.மீ. விலக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இங்கே கேட்கப்படும் கேள்வி: டைம்பிக்ஸ்-3 கேமரா எப்போது வேண்டும்? ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான சேர்னின் மெடிபிக்ஸ் கூட்டணியில் பிறந்த சில்லு அது. 256 பெருக்கல் 256 பிக்சல், ஃபிரேம் என்பதே கிடையாது, அடிபட்ட பிக்சல் மட்டும் 1.6 நானோவினாடி நுட்பத்தில் தன் நேரத்தைச் சொல்லும். முன்னால் ஒளிபெருக்கிக் குழாய் கட்டாயம். அதன் மின்னழுத்தம் இயங்கும்போது பெட்டி திறந்தால் குழாய் அன்றோடு சரி. அதில் எண்ணும்போது துத்தநாக சல்பைடின் நீண்ட வால்தான் எதிரி: ஒளித்துகள்களை நியூட்ரானாகத் தொகுக்கும் நேரச் சாளரத்தைக் குறுக்கினால் ஒரு நியூட்ரான் இரண்டாகும், விரித்தால் இரண்டு ஒன்றாகும். துடிப்பாக நியூட்ரான் விடும் மூலங்களில், இங்கிலாந்தின் ஐசிஸ், ஜப்பானின் ஜே-பார்க் போன்றவற்றில், பறந்த நேரத்திலிருந்து ஆற்றலைக் கணக்கிட இந்த நுட்பம் தேவை. 10 மீட்டர் பாதையில் வெப்ப நியூட்ரானுக்கு 4.5 மில்லிவினாடி ஆகும். டிரிகா உலையின் தொடர் கற்றையில் கற்றையை வெட்டும் சுழல்தட்டு இல்லாமல் அந்தக் கணக்குக்கே இடமில்லை. எண்ணவும் படம் எடுக்கவும் மட்டும் என்றால் வானியல் கேமராவோடு நில்லுங்கள்.

கற்றை மூடியதும் பெட்டியைத் தூக்காதீர்கள். அளவீட்டுக் கருவியோடு அலுவலர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அது அங்கேயே இருக்கட்டும். ரப்பர் கொட்டையும் செம்பனைப் பழமும் உங்களோடு திரும்பி வராது. அவற்றில் உள்ள பொட்டாசியம் கதிரியக்கம் பெற்றிருக்கும், அரையாயுள் 12.4 மணி நேரம். புறப்படும் முன் நகப்பூச்சுக் கோட்டை ஒருமுறை பார்த்து, நகர்ந்திருந்தால் எத்தனை மி.மீ. என்று பதிவேட்டில் எழுதுங்கள். திரையைக் கழற்றிக் கறுப்பு உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பையை மாற்றிக் கட்டுங்கள்.